வாயில் மூன்று திருகாணி

கண்ணாடிக்காரர் வாயைத் திறந்தார், விசிறி உடைந்தது. நடந்தது இவ்வளவுதான். ஆனால் அந்த வாய்க்கும் விசிறிக்கும் நடுவில் ஒரு குடும்பமே மாட்டிக்கொண்டிருந்ததால் கொஞ்சம் விளக்கமாகச் சொல்லவேண்டியிருக்கிறது.

அவர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். பொடிப்பொடித் திருகாணிகளோடு பகல் முழுக்க மல்லுக்கட்டுகிற பிழைப்பு. ஒரு கையில் ஃபிரேம், மறு கையில் திருப்புளி. மூன்றாவது கை கொடுத்து அனுப்பப்படாத காரணத்தால் திருகாணிகளை உதட்டிடுக்கில் வைத்துக்கொள்வார். கடையில் இதனால் ஒரு சேதமும் வந்ததில்லை. வாடிக்கைக்காரர்கள் எதைக் கேட்டாலும் 'ம்', 'ம்ஹும்' என்று இரண்டே பதில். 'எவ்வளவு பொறுமையான மனுஷன்' என்று தெருவில் அவருக்கு ஒரு பெயர்கூட உண்டு. அந்தப் பெயரைச் சம்பாதித்துக் கொடுத்தது திருகாணிதான் என்பது வீட்டிலிருப்பவர்களுக்கு மட்டும் தெரியும்.

அன்றைக்கு அவர் குனிந்திருந்தது கண்ணாடி ஃபிரேமின் மேல் அல்ல. மனைவியின் காருக்குள் பாதி உடம்பை விட்டுக்கொண்டு நின்றார். வாசல் முற்றத்தில் பானெட் ஆவென்று திறந்திருந்தது. முன்கண்ணாடிக்கு அடியில், மூலையில், மூடி போட்ட கறுப்புப் பெட்டி ஒன்று. இன்ஜினை ஆட்டிவைக்கிற கம்ப்யூட்டர் அதற்குள்தான் இருக்கிறது. அவருடைய மச்சான் அதை மூளைப்பெட்டி என்பான். மூளை என்றால் சூடாகும். சூடானால் வேலை செய்யாது. அதற்காகப் பெட்டிக்குள் உள்ளங்கை அகலத்தில் ஒரு விசிறி வைத்திருக்கிறார்கள். (மனுஷனுக்கும் அப்படி ஒன்று வைத்திருந்தால் இந்தக் கதையே வந்திருக்காது.)

அந்த விசிறிதான் கொஞ்ச நாளாகத் தொண்டையைச் செருமிக்கொண்டிருந்தது. வண்டியை நிறுத்திச் சாவியை எடுத்த பிறகும் கர்ரென்று ஓடி, விக்கி, நின்று, மறுபடி விக்கும். வாகன எலக்ட்ரீஷியனான மச்சான் காதை வைத்துக் கேட்டுவிட்டு, "ஊருக்குள்ள ஓட்டினா ஒண்ணும் ஆகாது. மலை ஏறினா கம்ப்யூட்டர் சூடாகும். நடுவழியில வண்டி படுத்துக்கும்" என்றான்.

அவர் மனைவி மலைதான் ஏறப்போகிறாள். பாலம் கட்டுகிற என்ஜினியர் அவள். மலைக்கு அந்தப் பக்கம் ஒரு பெரிய ஆற்றின் குறுக்கே புதுப் பாலம். மறுநாள் காலையில் போய்ப் பொறுப்பேற்கவேண்டும். இருட்டுவதற்குள் மலையைத் தாண்டவேண்டுமென்றால் மத்தியானத்துக்குள் கிளம்பியாகவேண்டும். புது விசிறி வாங்கியாகிவிட்டது. மச்சான் வந்து மாட்டித்தருவதாகச் சொன்னான். கண்ணாடிக்காரர்தான் விறைத்துக்கொண்டு, "ஒரு விசிறி மாத்தறதுக்கு ஊரையே கூப்பிடணுமா? எனக்கென்ன கை இல்லையா?" என்று கேட்டுவிட்டார்.

கையெல்லாம் இருந்தது. பிரச்சினை வாயில்.

மாற்றல் உத்தரவு வந்த நாளிலிருந்து அவர் மனைவியிடம் ஒரே ஒரு கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்தார். "நானும் வரணுமா, வேண்டாமா?" பல் தேய்க்கும்போது கேட்டார். துணி மடிக்கும்போது கேட்டார். டிவியில் எவனோ எவனையோ சுடுகிற சத்தத்துக்கு நடுவில் கேட்டார். ஒவ்வொரு முறையும் ஒரே பதில்.

"உங்க இஷ்டம்."

கோபமாகச் சொல்லியிருந்தால் சண்டை போடலாம். அழுதுகொண்டு சொல்லியிருந்தால் சமாதானம் சொல்லலாம். அவளோ பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் 'ஜன்னலைத் திறக்கவா' என்று கேட்டால் சொல்வது மாதிரி சொன்னாள். கண்ணாடிக்காரருக்கு உச்சந்தலையில் கொதி வரும். இஷ்டமாம், இஷ்டம்! என் இஷ்டம் தெரிந்திருந்தால் உன்னை ஏன் கேட்கிறேன்?

அன்று காலையிலும் கேட்டிருந்தார். அதே பதில் வந்திருந்தது. அந்தச் சூட்டோடுதான் பானெட்டைத் திறந்தார்.

வேலை என்னவோ நன்றாகவே நடந்தது. மூடியைக் கழற்றினார். பழைய விசிறியை அதன் ரப்பர் பிடிகளிலிருந்து உருவி, ஒயரின் சொருகியைப் பிரித்தார். புதியதை உட்கார்த்தி, சொருகியைக் 'கிளிக்' என்று ஏற்றினார். சாவியைத் திருப்பினார். புது விசிறி பட்டுத்துணி உரசுகிற மாதிரி மெத்தென்று ஓடியது. பார், நான் செய்தது, என்று தனக்குத்தானே ஒரு சபாஷ் போட்டுக்கொண்டார். விசிறியை நிறுத்தவேண்டும் என்று தோன்றவில்லை. சபாஷ் போட்டுக்கொள்கிறவர்களுக்கு அதெல்லாம் தோன்றாது. இடது கையில் மூடி, வலது கையில் திருப்புளி, அதன் காந்த நுனியில் ஒரு திருகாணி, மீதி மூன்றும் வழக்கம்போல உதட்டில்.

அப்போதுதான் வாசற்படியிலிருந்து குரல் வந்தது.

"என்னங்க, பெரிய பெட்டியை எடுத்துக்கவா, சின்னது போதுமா?"

பெரிய பெட்டி என்றால் இரண்டு பேர் துணியும் வைக்கிற பெட்டி. கல்யாணமான புதிதில் வாங்கியது. ஆகக் கேள்வியை அப்படியே திருப்பி அவர் தலையிலேயே கட்டுகிறாள்! அவர் தொண்டை வரைக்கும் வந்துகொண்டிருந்த அத்தனை நாள் கோபமும் ஒரே ஒரு பதிலாகத் திரண்டது. அதை அவர் வாயாரச் சொன்னார்.

"உங்க இஷ்டம்!"

சொன்னது அழகாகத்தான் வந்தது. கூடவே மூன்று திருகாணியும் வந்தன. ஒன்று நேராக விசிறிக்குள் போனது. கடகடவென்று ஒரு சத்தம், படீரென்று ஒரு சத்தம், இறக்கைகள் இரண்டு உடைந்து ஒன்று அவர் நெற்றியில் வந்து அடித்தது. விசிறி நின்றது. ஏதோ கருகுகிற வாசனை வந்தது.

வாசற்படியில் மனைவி நின்றபடியே பார்த்தாள். ஒரு வார்த்தை பேசவில்லை. உள்ளே போய்விட்டாள்.

அதற்குத்தான் அவருக்கு இன்னும் கோபம் வந்தது. திட்டினால் என்ன? திட்டுவதற்குக்கூட நான் லாயக்கில்லையா?

உடைந்த விசிறியைப் பிடுங்கிக்கொண்டு, சட்டைப் பொத்தானைக்கூடப் போடாமல், தெருமுனையில் இருக்கும் உதிரிபாகக் கடைக்கு விறுவிறுவென்று நடந்தார். கடைக்காரர் கவுண்டருக்குப் பின்னால் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து பெல்ட்டுகளை எண்ணிக்கொண்டிருந்தார். மூக்கில் கண்ணாடிக்காரர் செய்துகொடுத்த கண்ணாடி.

"இந்த விசிறி இருக்கா?"

கடைக்காரர் அதை வாங்கி, புரட்டி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "எப்படி உடைஞ்சுது?"

"உடைஞ்சுது. இருக்கா?"

"ஒரிஜினல் வேணுமா, வேற கம்பெனியா?"

"எது இருக்கு?"

"உங்களுக்கு எது வேணும்?"

"எது இருக்கோ அது வேணும்."

"ரெண்டுமே நல்லாத்தான் இருக்கும்."

"நல்லா இருக்குமான்னு கேக்கல. இருக்கான்னு கேட்டேன்."

"இல்லேன்னு சொல்லிட முடியாது."

"அப்ப எடுங்க."

"வரவேண்டியிருக்கு."

"எப்ப வரும்?"

"வந்துடும்."

கண்ணாடிக்காரர் கவுண்டரின் மேல் இரண்டு கையையும் ஊன்றினார். "ஏன் சார், உங்க எல்லாருக்கும் யாராவது க்ளாஸ் எடுக்கறாங்களா? என் வீட்டம்மாவும் நீங்களும் ஒரே பெஞ்சா? 'இல்லை'ன்னு ரெண்டு எழுத்து... சரி, மூணு எழுத்து. அதைச் சொன்னா நாக்கு உதிர்ந்துடுமா? போட்டிருக்கீங்களே ஒரு கண்ணாடி, அதை மாட்டிவிட்டு 'சரியா இருக்கா'ன்னு கேட்டேன். 'சரியா இருக்கு'ன்னு பட்டுனு சொன்னீங்க. அந்த மனுஷன் எங்க போனார்?"

கடைக்காரர் விசிறியைக் கவுண்டரில் வைத்தார். பிறகு சங்கடத்தோடு மூக்கைத் தடவினார். "அது... அப்ப சொல்லிட்டேன். இந்தப் பக்கம் ஆரம்பத்துலேர்ந்தே அழுத்துது. நீங்க ஆசையா செஞ்சீங்களேன்னு..."

"கழட்டுங்க."

"பரவாயில்ல, விடுங்க..."

"கழட்டுங்கன்னு சொல்றேன்ல!"

ஊரே திரும்பிப் பார்க்கிற குரலில் அதட்டிவிட்டு, அதைப் பிடுங்காத குறையாக வாங்கினார். சட்டைப் பையிலிருந்து சின்ன இடுக்கியை எடுத்து, மூக்குப் பிடியை மயிரிழை அளவு விரித்து, ஊதி, துடைத்து, கடைக்காரரின் மூக்கில் தானே மாட்டிவிட்டார். மூக்கில் சிவப்பாக ஒரு பள்ளம் விழுந்திருந்தது. இத்தனை நாளும் இந்த வலியோடா இருந்தான் இந்த ஆள்?

"இப்ப?"

"ம்... தேவலை."

"தேவலையா, சரியா இருக்கா?"

"சரியா இருக்கு, சரியா இருக்கு" என்றார் கடைக்காரர், உயிருக்குப் பயந்தவர் மாதிரி. பிறகு தானாகவே, "விசிறி இல்லைங்க. இந்த வாரம் வராது" என்றார்.

இன்றைக்குக் கேட்ட முதல் உருப்படியான பதில். அதற்காகச் சந்தோஷப்படக்கூட முடியவில்லை. பதில் 'இல்லை' அல்லவா?

வீட்டுக்குத் திரும்பினால் முற்றத்தில் மச்சான். காரின் பக்கவாட்டில் சாய்ந்துகொண்டு, கையில் அழுக்கேறிய ஒரு விசிறியை வைத்துப் பம்பரம் மாதிரி சுழற்றிக்கொண்டிருந்தான். இவன் அவர் மனைவியின் தம்பி. கண்ணாடிக்காரர் இவனுக்கு மனதுக்குள் வைத்திருக்கும் பெயர் 'பாக்கலாம்'. எதைக் கேட்டாலும் அதுதான் சொல்வான். கல்யாணத்துக்குப் பெண் பார்த்திருக்கிறோம், பிடித்திருக்கிறதா என்று கேட்டதற்குக்கூட 'பாக்கலாம்' என்றானாம். அந்தப் பெண்ணுக்கு வேறு இடத்தில் கல்யாணமாகி இரண்டு பிள்ளைகள்.

"அக்கா ஃபோன் பண்ணாங்க அத்தான். இடி வாங்கின வண்டி ஒண்ணு ஷெட்டுல கிடந்துது. அதுலேர்ந்து கழட்டினேன்."

"ஓடுமா?"

"பாக்கலாம்."

"இதே சைஸா?"

"பாக்கலாம்."

"பார்த்துக்கிட்டே இருடா! வம்சமா இது? அக்கா 'உங்க இஷ்டம்', தம்பி 'பாக்கலாம்'! உங்க வீட்டுல பொறக்கும்போதே 'ஆமா', 'இல்ல' ரெண்டையும் வாங்கிப் பரண்ல போட்டுடுவாங்களா?"

"நெத்தியில என்ன அத்தான் சிவந்திருக்கு?"

"விசிறி முத்தம் கொடுத்துது. நகரு!"

அளவு சரியாகத்தான் இருந்தது. ஆனால் காற்று எந்தப் பக்கம் போகும் என்று காட்டுகிற அம்புக்குறி தேய்ந்துபோயிருந்தது. தலைகீழாக மாட்டினால் உள்ளே ஊதவேண்டிய விசிறி வெளியே உறிஞ்சும். மச்சானைக் கேட்டால் என்ன சொல்வான் என்று தெரியுமாகையால் கேட்கவில்லை. லென்ஸ் துடைக்கிற மெல்லிய தாளை நீளமாகக் கிழித்து, மச்சானை விசிறிக்குக் கரண்ட் கொடுக்கச் சொல்லி, முன்னால் பிடித்தார். தாள் படபடவென்று அவர் மூக்கை நோக்கிப் பறந்தது. ஆக, இந்தப் பக்கம்தான் பெட்டியின் உள்ளே பார்த்து இருக்கவேண்டும். மாட்டினார். சாவியைத் திருப்பினார். லேசாக முனகினாலும் ஓடியது. இந்த முறை புத்தியாகச் சாவியை அணைத்து, பேட்டரி ஒயரையும் கழற்றி வைத்தார்.

அடுத்தது திருகாணிகள். ஒன்று, கடையிலிருந்து அவர் திருப்பிக்கொண்டுவந்த உடைந்த விசிறியின் விளிம்பில் சிக்கிக் கிடந்தது. இன்னொன்றை மச்சான் காருக்கடியில் படுத்து, தரையிலிருந்து பொறுக்கினான். மூன்றாவது எங்கே?

முற்றத்தைப் பெருக்கிப் பார்த்தார்கள். இன்ஜின் இடுக்கில் விரலை விட்டார்கள். கண்ணாடிக்காரர் சட்டையைக் கழற்றி உதறினார். செருப்பைக் கவிழ்த்துத் தட்டினார்.

"அத்தான், கத்தற வேகத்துல விழுங்கிட்டீங்களோ?"

"விழுங்கியிருந்தா?"

"காலையில பாக்கலாம்."

கண்ணாடிக்காரருக்குக் குபுக்கென்று சிரிப்பு வந்தது. வந்த சிரிப்பை அடக்கினார். அடக்கவேண்டியிருந்ததே என்று இன்னும் எரிச்சல் வந்தது. ஆயுளில் ஒரே ஒரு முறை அந்த வார்த்தை பொருத்தமான இடத்தில் விழுந்திருக்கிறது, அதுவும் தன் வயிற்றைப் பற்றி.

"விடுங்க அத்தான். மூணு ஸ்க்ரூ போதும், மூடி ஜம்முனு நிக்கும். அது எங்கயாவது வெளிய தெறிச்சிருக்கும்."

"மூடி நிக்கும்டா. அது உள்ள கிடந்தா? மலைப்பாதையில வளைவுக்கு வளைவு அந்த இரும்பு உருண்டு போய் கம்ப்யூட்டரோட பித்தளைப் பின்னுங்க நடுவுல உக்காந்தா?"

"உக்காந்தா... ஷார்ட் ஆகும்."

"ஷார்ட் ஆனா?"

மச்சான் தலையைச் சொறிந்தான். அவனுக்குத் தெரிந்திருந்தது, சொல்லப் பிடிக்கவில்லை.

அந்த நேரம் பார்த்து மனைவி வெளியே வந்தாள். பயணத்துக்கான உடுப்பை மாற்றியிருந்தாள். தோளில் கைப்பை. பெட்டி எதுவும் கையில் இல்லை.

"ஆச்சா?"

"ஆன மாதிரிதான் அக்கா" என்றான் தம்பி.

"ஆகல" என்றார் கண்ணாடிக்காரர்.

"ஓடுதே, சத்தம் கேட்டுதே."

"ஒரு திருகாணி கிடைக்கல. கிடைக்காம மூட மாட்டேன்."

அவள் தம்பியைப் பார்த்தாள். தம்பி ஆகாயத்தைப் பார்த்தான். வெயில் முற்றத்தின் பாதியைத் தாண்டி மதிலருகே போய்க்கொண்டிருந்தது.

"மலையில இருட்டுல ஓட்டணுமா நான்?"

"ஓட்டவேண்டாம்னு யார் சொன்னா? தேடணும்னு சொல்றேன்."

"காலையிலேர்ந்து ஒரு விசிறி. முதல்ல 'நானே மாத்தறேன்'னீங்க. மாத்தி, உடைச்சீங்க. இப்ப வேறது வந்து, ஓடவும் ஓடுது. இப்ப ஒரு ஸ்க்ரூவாம்." அவள் குரல் உயரவில்லை, அடர்த்தியானது. "எனக்கு ஒண்ணு மட்டும் சொல்லுங்க. வேணும்னே உடைச்சீங்களா?"

"கேட்டைத் திறந்து வைக்கறேன்" என்றபடி மச்சான் நழுவினான். கேட் காலையிலிருந்து திறந்துதான் கிடந்தது.

கண்ணாடிக்காரர் நிமிர்ந்தார். உதட்டில் திருகாணி எதுவும் இல்லாததால் எல்லாம் வெளியே வந்தது.

"ஆமாம்மா, ஆமா! வாயிலேர்ந்து துப்பி, ஓடற விசிறியைக் குறிபார்த்து அடிச்சேன்! சர்க்கஸ்ல கூப்பிட்டாங்க, நான்தான் போகல! அம்மணி ஆத்துக்குக் குறுக்க பாலம் கட்டுவீங்க, இந்தப் படியிலேர்ந்து அந்தச் சமையலறைக்கு ஒரு பலகை போட மாட்டீங்க! எத்தனை நாளா கேக்கறேன்? வரணுமா வேண்டாமா? 'உங்க இஷ்டம்'. நான் என்ன ஓட்டல்ல உக்காந்து காபியா டீயான்னா கேக்கறேன்? கடையை மூடணுமா, வீட்டைப் பூட்டணுமா, நான் மனுஷனா இல்ல பழைய பீரோவா, கூட ஏத்திக்கிட்டுப் போறதா இல்ல இங்கேயே கிடக்கட்டும்னு விடறதா? அதுக்கும் என் இஷ்டமா, சொல்லு?"

கோபம் வந்தால் மனைவிக்கு மரியாதைப் பன்மை போடுவது அவர் வழக்கம். நடுவில் ஏதோ ஓரிடத்தில் குரல் உடைந்து பன்மை கீழே விழுந்தது. அவர் கவனிக்கவில்லை. அவள் கவனித்தாள்.

எதிர்வீட்டு ஜன்னல் ஒன்று மெல்லத் திறந்தது.

"கேட்டதுக்கு இது பதில் இல்ல" என்றாள் அவள்.

அதுவும் நியாயம்தான். அதுதான் அவரை அறைந்தது. காலையிலிருந்து ஊர் முழுக்கப் போய் 'நேரா சொல்லுங்க, நேரா சொல்லுங்க' என்று எல்லார் சட்டையையும் பிடித்துக்கொண்டிருந்தவரிடம் ஒருத்தி நேராக ஒன்று கேட்டால், அவர் சர்க்கஸுக்குப் போய்விட்டார்.

திருப்புளியைக் கையில் உருட்டினார். பானெட்டின் விளிம்பைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"வேணும்னு பண்ணல. வாய் தவறிடுச்சு. ஆனா உடைஞ்ச சத்தம் கேட்டுது பாரு... அப்ப ஒரு நொடி சந்தோஷமா இருந்துது. இன்னைக்குப் போக முடியாதுன்னு. அதுக்கப்புறம்தான் கோபம் வந்துது. உன்மேலன்னு நெனச்சுக்கிட்டிருக்கேன்."

அவள் கைப்பையைப் படியில் வைத்தாள். கூந்தலைச் சுருட்டி முடிந்தாள். உள்ளே போய்த் தன் வேலைக்கான டார்ச்சை எடுத்து வந்து, அவருக்குப் பக்கத்தில், காருக்குள் தலையை விட்டாள்.

"கம்ப்யூட்டரைத் தூக்குங்க."

"தூக்கலாமா?"

"பேட்டரி ஒயர் கழட்டியிருக்குல்ல?"

"கழட்டியிருக்கேன்."

"அப்ப தூக்குங்க."

கிளிப்பை நெம்பி, கம்ப்யூட்டரை ஒயரோடு மெல்ல நகர்த்தினார். பானெட்டின் அடியில் சூடு இறங்கிக்கொண்டிருந்தது. பழைய ரப்பர் வாசனையும், அவள் தலையில் தேய்த்திருந்த எண்ணெய் வாசனையும். இரண்டு தலைகள் இடித்துக்கொண்டன. "ஸ்ஸ்" என்றாள். "எங்க?" என்றார். "ஒண்ணுமில்ல, பாருங்க." டார்ச் வெளிச்சம் பெட்டியின் அடியில் மண்ணையும், ஒரு காய்ந்த இலையையும், செத்த குளவி ஒன்றையும் காட்டியது. கம்ப்யூட்டரின் சொருகிக்குப் பின்னால், பித்தளைப் பின்கள் வரிசையாக நிற்கிற இடத்திலிருந்து ஒரு நகக்கண் தூரத்தில், என்னவோ மினுங்கியது.

அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு திருப்புளியின் காந்த நுனியை நீட்டினார். டிக். ஒட்டிக்கொண்டது.

இருவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். முதல் வளைவு தாங்கியிருக்கலாம். இரண்டாவது வளைவுகூடத் தாங்கியிருக்கலாம்.  கேட்டருகிலிருந்து மச்சான், "கிடைச்சுதா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல், "நல்லவேளை" என்றான்.

கம்ப்யூட்டரை உட்கார வைத்தார். மூடியைப் பொருத்தவேண்டும். அவர் ஒரு கையால் அதன் ரப்பர் விளிம்பை அழுத்தி, மறு கையில் திருப்புளியைப் பிடித்தார். அவள் ஒரு கையில் டார்ச், மறு கை மூடியின் மூலையில். அவளுடைய உள்ளங்கையில் இருந்த மற்ற மூன்று திருகாணிகளையும் வைக்க இடமில்லை. கீழே வைத்தால் மறுபடி உருளும். ஒரு நொடி யோசித்துவிட்டு அவற்றைத் தன் உதட்டில் வைத்துக்கொண்டாள்.

அவர் முதல் திருகாணியை முடுக்கினார். முடுக்கும்போது பக்கவாட்டில் அவள் முகம் தெரிந்தது. திருகாணிகளைக் கடித்தபடி, கண்ணை இடுக்கி, ஓட்டையைத் தேடுகிற முகம். கன்னத்தில் கிரீஸ். அந்த முகம் நாளைக்கு இங்கே இருக்காது என்று நினைத்தபோதுதான் அவருக்கு உறைத்தது. வரணுமா வேண்டாமா என்று இத்தனை நாள் கேட்டாரே, அவர் கேட்க நினைத்தது அது இல்லவே இல்லை. கேட்கவேண்டிய கதவைத் தட்டப் பயந்துகொண்டு, நாள்கணக்கில் பக்கத்துக் கதவைத் தட்டிவிட்டு, திறக்கவில்லை திறக்கவில்லை என்று குதித்திருக்கிறார்.

திருப்புளியை நிறுத்தினார்.

"என்னை விட்டுட்டுப் போறியா?"

டார்ச் வெளிச்சம் அசையவில்லை. எதிர்வீட்டு ஜன்னலும் அசையவில்லை. அவளுடைய கண்கள் மட்டும் அவர் பக்கம் திரும்பின.

பதில் சொல்ல வாயெடுத்தவள் சட்டென்று நிறுத்திக்கொண்டாள். 'இருங்க' என்று புருவத்தால் சொன்னாள். டார்ச்சை இன்ஜின் மேல் சாய்த்து வைத்தாள். காலியான கையை வாய்க்கு அடியில் குவித்து, திருகாணிகளை ஒவ்வொன்றாக எடுத்தாள். மூன்று. எண்ணிப் பார்த்து, விரல்களை இறுக மூடிக்கொண்டாள். புறங்கையால் உதட்டைத் துடைத்தாள்.

"இல்ல" என்றாள்.

அவர் காத்திருந்தார்.

"ஆனா நீங்க வராதீங்க. அங்க வந்து கடையில்லாம, ஜன்னலோரமா உக்காந்து, நான் வேலை முடிஞ்சு வர்றவரைக்கும் என்மேல கோபத்தைச் சேர்த்து வெச்சுக்கிட்டிருப்பீங்க. அந்த வீட்டுக்கு என்னால திரும்பி வர முடியாது. வராதீங்கன்னு சொன்னா இப்படி முகத்தைத் தொங்கப்போடுவீங்கன்னுதான் சொல்லல. வாங்கன்னு சொன்னா கடையை மூடிடுவீங்க. அதான் பயந்துக்கிட்டு இஷ்டம் இஷ்டம்னேன். லீவு கிடைக்கறப்பல்லாம் வருவேன். பாலம் முடிஞ்சா மொத்தமா வருவேன். சின்னப் பெட்டிதான் எடுத்துக்கறேன். திரும்பி வர்றவளுக்கு அது போதும்."